சேலைக்கரையும் கடற்கரையும்

தமிழில் ‘கரை’ என்னும் சொல்லுக்குப் பொருள் பல உண்டு. அவற்றுள் இரண்டினை ஈண்டு எடுத்துக்கொள்கிறேன். நிலம் முடிந்து நீர் தொடங்கும் இடம் கரை. சேலையின் உடல் முடிந்து வண்ண ஓரம் தொடங்கும் இடமும் கரை. முதலாவதன் மேல் ஆடவரும் பெண்டிரும் நடந்து நடந்து வழி உண்டாக்கினர். இரண்டாவதிலிருந்து பெண்கள் நூல் உருவித் தைத்துத் தைத்துப் போர்வை உண்டாக்கினர். நாம் குடியேறி வாழும் இவ்வங்க நாட்டில் இவ்விரு கரைகளுக்கும் நெடிய வரலாறு உண்டு. அதனை என்னால் இயன்ற அளவு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் வரலாறு கற்றுப் பட்டம் பெற்றவனல்லன். பணியிலிருக்கும்போதே தந்தையார் மறைந்தமையால், மெட்ரிக்குலேஷன் தேறிய கையோடு இரயில்வேயில் எழுத்தனாக அமர்ந்தவன். கோப்புகளும் பதிவேடுகளுமே என் உலகம். சென்ற குளிர்காலத்தில் நம் காலனியில் இரண்டு நிகழ்ச்சிகள் நடைபெற்றன. ஒன்று, நம் வீட்டுப் பெண்கள் சிலர் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த போர்வைகள் நிறைவெய்தின. மற்றொன்று, குடும்பத்தோடு திகா கடற்கரைக்குச் சென்று ஒரு பகல் முழுதும் நடந்து திரும்பினோம். மலர்க்குழுவினர் இவற்றைப் பற்றி எழுதுமாறு பணித்தபோது, “தையலுக்கும் உலாவுக்கும் வரலாறு ஏதய்யா?” என்று நண்பர் ஒருவர் நகைத்தார். அவர் வினாவுக்கு விடையாகவும் இதனைக் கொள்ளலாம்.

கந்தையும் கந்தாவும்

வங்காளிகள் ‘காந்தா’ என்று ஒலிக்கும் பொருள் நமக்குச் சொல்லளவில் புதியதன்று. வடமொழியில் ‘கந்தா’ என்றால் கிழிந்த துணிகளைச் சேர்த்துத் தைத்த ஆடை. தமிழில் நாம் வழங்கும் ‘கந்தை’யும் அதனோடு உறவுடைய சொல்லே. ஆனால் ஒரு வேறுபாடு காண்க. நம் பாட்டிமார் கந்தையையும் கசக்கிக் கட்டச் சொன்னார்கள். வங்கப் பாட்டிமார் அதற்கு ஒருபடி மேலே சென்று, கந்தைகளை அடுக்கிக் கலையாக்கினார்கள்.

செய்முறை எளிது. கட்டிக் கட்டித் துவைத்து மென்மையான பழஞ்சேலைகள், வேட்டிகள் மூன்று நான்கை ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் விரிப்பர். கனமான போர்வைக்கு அடுக்குகள் இன்னும் கூடும். சுருக்கமில்லாமல் நீவி, ஓரங்களில் எடை வைத்து, முதலில் சுற்றுப்புறத்தையும் பின்னர் உட்புறத்தையும் தைப்பர். தையலோ நம் பெண்கள் அனைவரும் அறிந்த ஓட்டுத் தையல்தான். ஊசி மேலேறும், கீழிறங்கும், மீண்டும் மேலேறும். இந்த ஒன்றைக் கொண்டே நடுவில் தாமரையும், நான்கு மூலைகளில் மரமும் மாங்காய் வடிவும், இடையிடையே யானையும் குதிரையும் தேரும் படகும் எழுப்பிவிடுவர். வெற்றிடத்தையும் விடாது நெருக்கமாகத் தைப்பதால், துணி முழுதும் சிற்றலை ஓடும் நீர்ப்பரப்புப் போல் சுருண்டு நிற்கும். நூலுக்குக் கடைக்குச் செல்வதில்லை. பழஞ்சேலையின் கரையிலிருந்து சிவப்பும் நீலமும் கறுப்புமாக உருவிய இழைகளே நூல். ஆக, துணியும் பழையது, நூலும் பழையது, புதியது உழைப்பு ஒன்றே.

பயனுக்கேற்பப் பெயர்களும் பல. குளிருக்குப் போர்த்துவது ‘லேப்’. விழாநாளில் விருந்தினர்க்கு விரிப்பது ‘சுஜனி’. அமர்வதற்குரியது ‘ஆசன்’. கண்ணாடியும் சீப்பும் சுற்றி வைப்பது ‘ஆர்ஷிலதா’. நூல்களையும் துணிமணிகளையும் பொதிவது ‘பஸ்தனி’. பிறந்த குழந்தையைச் சுற்றுவதும் கந்தாவே. பலர் அணிந்து பழகிய துணி பிள்ளைக்குக் காப்பாகும் என்ற நம்பிக்கையும் இதனுள் கலந்திருக்கிறது.

யாத்திரிகர் தோளில்

கந்தாவின் பழமைக்குச் சான்று தேடுவோர் முதலில் காட்டுவது, ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன் கிருஷ்ணதாச கவிராஜர் இயற்றிய ‘சைதன்ய சரிதாமிர்தம்’ என்னும் வங்க நூலை. சைதன்யர் 1486இல் நவத்வீபத்தில் பிறந்தவர். 1510இல் துறவு பூண்டு பூரிக்குச் சென்றவர். அன்னை சசிதேவி, வங்கத்திலிருந்து பூரிக்கு நடந்து சென்ற யாத்திரிகர் வாயிலாக மகனுக்குக் கந்தா ஒன்று அனுப்பினாள் என்று கந்தா வரலாறு எழுதுவோர் குறிப்பர். துறவியாகிவிட்ட மகனுக்குத் தாய் வேறு என்ன அனுப்ப முடியும்? பொன்னைத் தொடமாட்டான், பட்டை உடுக்கமாட்டான். பழந்துணியாதலின் அதனை மட்டும் மறுக்க இயலாது.

அதே நூலில் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. கௌட நாட்டுச் சுல்தான் உசேன் ஷாவின் அமைச்சராயிருந்த சனாதனர், பதவியைத் துறந்து காசிக்கு வந்து சேர்ந்தார். அவர் தோளில் மூன்று நாணயம் பெறும் உயர்ந்த கம்பளி ஒன்று கிடந்தது. சைதன்யர் வாய்திறந்து ஒன்றும் கூறவில்லை. அந்தக் கம்பளியைத் திரும்பத் திரும்ப நோக்கினார். குறிப்பறிந்த சனாதனர் கங்கைக்கரைக்குச் சென்றார். அங்கே வங்கத்து ஏழை ஒருவன் தன் கந்தாவைத் துவைத்து உலர்த்திக் கொண்டிருந்தான். கம்பளியைக் கொடுத்துக் கந்தாவைக் கேட்டார். அவ்வேழை, பெரியவர் தன்னைக் கேலி செய்வதாக எண்ணினானாம்! ஓர் அமைச்சரைத் துறவியாக்கிய துணி கந்தா என்பது இக்கதையின் உட்பொருள்.

சைதன்யரின் நடையைப் பற்றி நாம் தனியே அறிய வேண்டும். அது நம் நாட்டைத் தொட்ட நடை. பூரியை அடைந்த சில திங்களில் அவர் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். உடன் சென்றவர் ஒருவரே. கடலை இடப்புறம் வைத்து ஸ்ரீகூர்மம், சிம்மாசலம் கண்டு, கோதாவரியைக் கடந்து, தமிழகம் புகுந்து, திருவரங்கத்தில் மழைக்காலம் நான்கு மாதமும் தங்கினார். பின்னர்க் கன்னியாகுமரி வரை சென்று, ஏறத்தாழ இரண்டாண்டு கழித்துப் பூரிக்கு மீண்டார். நாம் இரயிலில் ஓர் இரவும் ஒரு பகலுமாகக் கடக்கும் அக்கிழக்குக் கரையை ஒருவர் காலால் அளந்திருக்கிறார் என்பதை எண்ணும்போது, ஊருக்குச் செல்லும் பயணம் நெடிது என்று முணுமுணுக்க எனக்கு நாணமாயிருக்கிறது.

பூரிக்குச் செல்லும் யாத்திரிகர் நடை 19ஆம் நூற்றாண்டு முடிய நிற்கவில்லை. அதனை நிறுத்தியது நம் தொழிலே. வங்காள நாகபுரி இரயில்வே 1887இல் தோன்றிற்று. 1897இல் குர்தா ரோட்டிலிருந்து பூரிக்குப் பாதை திறக்கப்பெற்றது. பாதை கரக்பூரைத் தொட்டுச் சென்றமையால் இக்காலனி பிறந்தது. காலனி பிறந்தமையால் ஆந்திரரும் தமிழரும் இங்கே வந்தனர். நடந்தவர் வழி மறைந்த இடத்தில் நாம் குடியேறியிருக்கிறோம்.

கடல் கடந்த போர்வைகள்

இனி, வேறொரு வகைப் போர்வையைக் காண்போம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வங்கத்துச் சாத்காவ்ம் துறைக்கும், பின்னர் ஹூக்ளிக்கும் வணிகம் செய்ய வந்தனர். இங்குள்ள கைவினைஞரைக் கொண்டு, வெள்ளைப் பருத்தித் துணியில் மஞ்சள் நிற டஸர்ப் பட்டு நூலால் பெரும் போர்வைகள் தைப்பித்தனர். வேட்டைக் காட்சிகள், கப்பல்கள், ஐரோப்பியப் புராணக் கதைகள், கிறித்துவ வேதக் கதைகள் எல்லாம் வங்கத் தாமரையோடும் மீனோடும் கலந்து அவற்றில் அமைந்தன. லிஸ்பன் நகரத்து அருங்காட்சியகத்திலும், இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் அவற்றை இன்றும் காணலாம். இங்கிலாந்தில் ஹார்ட்விக் என்னும் பெருமாளிகையில் 1601ஆம் ஆண்டு பொருட்பட்டியல் ஒன்று எழுதினர். பறவைகளும் விலங்குகளும் தைத்த மஞ்சள் நிற இந்தியப் போர்வை ஒன்று அதில் இடம்பெற்றுள்ளது. எவனோ ஓர் எழுத்தன் கடமைக்கு எழுதிய ஒரு வரி இன்று வரலாற்றுச் சான்றாக நிற்கிறது! என் போன்ற எழுத்தர்க்கு இதனினும் ஆறுதல் வேறு வேண்டுமோ?

நம் சோழமண்டலக் கரையும் இவ்வணிகத்தில் பின்தங்கவில்லை. அங்கிருந்து வண்ணம் தீட்டிய பருத்திக் கட்டில் விரிப்புகள் ஐரோப்பாவுக்குச் சென்றன. அவற்றின் மீது அந்நாட்டார் கொண்ட மோகம், தங்கள் நெசவாளர் வாழ்வு கெடும் என்று அரசுகள் அஞ்சும் அளவுக்கு வளர்ந்தது. பிரான்ஸ் 1686இல் இத்தகைய துணிகளைத் தடைசெய்தது. 1759இல்தான் தடையை நீக்கிற்று. இங்கிலாந்தும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தடைச்சட்டங்கள் இயற்றிற்று. 1632இல் ஷாஜஹானின் படை போர்த்துகீசியரை ஹூக்ளியிலிருந்து விரட்டியபின், மஞ்சள் பட்டுப் போர்வைகளின் காலம் படிப்படியாக முடிந்தது.

விலைக்குத் தைத்தது, வாங்குவோன் போனதும் நின்றது. வீட்டுக்குத் தைத்த கந்தாவோ, வாங்குவோன் ஒருவனும் இல்லாமலே தொடர்ந்து வாழ்ந்தது. இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

மகள் தந்தைக்குத் தைத்தது

வீட்டுக் கந்தாவில் பெயர் பொறிக்கும் வழக்கம் அரிது. அரிதினும் அரிதாகத் தன் பெயரைத் தைத்து வைத்தவள் மானதாசுந்தரி என்பவள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தன் கையால் தந்தைக்குச் செய்த காணிக்கை என்று துணியிலேயே எழுத்தால் தைத்திருக்கிறாள். தாமரையைச் சுற்றி வெள்ளைக்காரத் துரைமாரும், துப்பாக்கி ஏந்திய சிப்பாய்களும், விக்டோரியா அரசியின் தலை பொறித்த நாணயங்களும் நிற்கின்றன. தான் கண்டதையும் கேட்டதையும் ஊசியால் குறித்து வைத்தாள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாம் படிக்கும் கம்பெனி ஆட்சியும் அரசி ஆட்சியும் ஒரு பெண்ணின் கண்ணுக்கு எவ்வாறு தோன்றின என்பதை அறிய இத்துணி ஒரு சாசனம்.

அதனைக் காத்து வைத்தவர் குருசதய தத்தர். 1882இல் பிறந்து 1941இல் மறைந்த இவர் ஐ.சி.எஸ். அதிகாரி. மாவட்ட ஆட்சியாளராகச் சென்ற இடமெல்லாம் நாட்டுப்புறக் கலைப்பொருள்களைத் திரட்டினார். அவர் சேர்த்த கந்தாக்கள் கல்கத்தாவின் தென்புறத்தே ஜோகாவில் 1963இல் திறக்கப்பெற்ற குருசதய அருங்காட்சியகத்துக்கு வந்தன. அக்காலத்திலேயே கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆஸ்திரிய நாட்டு அம்மையார் ஸ்டெல்லா கிராம்ரிஷும் கந்தாக்களைச் சேர்த்து, 1939இல் அவை பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். அவர் சேகரிப்பு அமெரிக்காவில் பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் உள்ளது.

இலக்கியத்திலும் கந்தாவுக்கு இடம் கிடைத்தது. கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட ‘நக்‌ஷி காந்தார் மாட்’ என்னும் காவியத்தில், பிரிந்த கணவன் ரூபாயை எண்ணி ஷாஜு தன் வாழ்வு முழுவதையும் ஒரு கந்தாவில் தைக்கிறாள். தன் சமாதிமேல் அதனை விரிக்குமாறு வேண்டி மறைகிறாள். நாள் கழித்து அக்கந்தாவைப் போர்த்தபடியே ரூபாயும் அங்கு இறந்து கிடக்கிறான். வங்கத்துச் சிற்றூர்களில் இக்கதையை அறியாதார் அரியர்.

நம் காலத்தில் கந்தாவுக்குப் புதுவாழ்வு வந்துள்ளது. மேற்கு வங்கத்து நக்‌ஷி கந்தா புவிசார் குறியீடு பெற்றது. கந்தா கலைஞர் பிரீதிகணா கோஸ்வாமி அம்மையாருக்கு 2023இலும், தக்தீரா பேகம் அம்மையாருக்கு 2024இலும் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றது. ஊசி பிடித்த கைக்கு நாடு வணக்கம் செலுத்தியது நமக்கெல்லாம் பெருமை.

திகாவின் கடற்கரை

இனிக் கடற்கரைக்கு வருவோம். அன்று விடியுமுன் நாங்கள் புறப்பட்டுப் பான்ஸ்குராவில் வண்டி மாறி, தம்லுக் வழியாகத் திகா சேர்ந்தோம். இக்கிளைப் பாதை திகாவரை எட்டியது 2004இல்தான். வழியில் வரும் தம்லுக்கே பண்டைத் தாம்ரலிப்தித் துறைமுகம். சீன யாத்திரிகர் பாகியான் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இரண்டாண்டு தங்கி நூல்களைப் படியெடுத்து, அங்கிருந்தே இலங்கைக்குக் கப்பலேறினார். இன்று கடல் அவ்வூரை விட்டுத் தொலைவில் நிற்கிறது. வண்டல் துறையை மூடிவிட்டது.

தம்லுக்கை விட்டு விலகிய கடல், திகாவை நெருங்கி வருகிறது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பகுதிக்குப் பீர்குல் என்று பெயர். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் இங்கே ஓய்வு இல்லம் அமைத்தார். இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரைக்கு இதனை ஒப்பிட்டு மனைவிக்கு எழுதினார் என்பர். அந்த இல்லம் எங்கே? கடலுக்குள்! பீர்குல் என்ற பெயரும் மெல்ல மறைந்தது. 1923இல் ஜான் பிராங்க் ஸ்நெய்த் என்னும் ஆங்கிலேயர் இக்கரையின் அழகில் மயங்கி இங்கேயே குடியமர்ந்தார். விடுதலைக்குப் பின் முதல்வர் பிதான் சந்திர ராயிடம் அவர் வற்புறுத்தியதன் பயனாகவே இன்றைய திகா உருவாயிற்று. இப்போதும் பழைய திகாவில் கருங்கற்களை அடுக்கித்தான் அலையைத் தடுக்கிறார்கள். 2021 மே 26ஆம் நாள் ‘யாஸ்’ புயலின்போது அத்தடுப்பையும் தாண்டிக் கடல் தெருவுக்குள் புகுந்தது.

நீர் வற்றும் வேளை பார்த்துப் பழைய திகாவிலிருந்து மேற்கு நோக்கி நடந்தோம். மணல் இறுகிச் சிமெண்டுத் தளம்போல் இருந்தமையால் முதியோரும் தடுமாறவில்லை. புதிய திகாவின் கூட்டம் கடந்ததும் சவுக்குத் தோப்பு தொடங்கியது. “நம் ஊர்க் கடற்கரைச் சவுக்குப் போலவே இருக்கிறதே!” என்று நாகப்பட்டினத்து அன்பர் ஒருவர் நின்றுவிட்டார். ஈரமணலில் செந்நிற நண்டுகள் பவளம் சிதறியதுபோல் பரவிக் கிடந்தன; காலடி ஓசை கேட்டதும் ஒரு நொடியில் மறைந்தன. உதய்பூர்க் கரையில் வங்கம் முடிந்து ஒடிசா தொடங்குகிறது. பிள்ளைகள் ஒரு காலை வங்கத்திலும் ஒரு காலை ஒடிசாவிலும் வைத்து நின்று மகிழ்ந்தனர். அலைக்கு அவ்வெல்லை தெரியவில்லை.

உப்பும் புயலும்

இக்கரை இன்பம் மட்டும் கண்ட கரையன்று. திகாவுக்கு வடகிழக்கே ரசூல்பூர் ஆற்றுமுகம் உள்ளது. 1860இல் இப்பகுதியில் அரசு அலுவலராயிருந்த பங்கிம் சந்திரர், 1866இல் எழுதிய ‘கபாலகுண்டலா’ என்னும் புதினத்தை இக்கரையிலேயே தொடங்கினார். உடன்வந்த யாத்திரிகருக்குச் சமைக்க விறகு தேடிச் சென்ற நவகுமாரனை விட்டுவிட்டுப் படகு போய்விடுகிறது. பிறர் பசிக்காகக் கரையேறியவன் தனியனாகிறான். குடியேறி வாழ்வோர் சிலர்க்கு இது கதையாகத் தோன்றாது.

இக்கரையில் உப்புக் காய்ச்சிய ‘மலங்கிகள்’ கம்பெனி ஆட்சியில் பட்ட துயர் மிகப் பெரிது. ஹிஜிலியிலும் தம்லுக்கிலும் கம்பெனி தனி அலுவலகம் அமைத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கிற்று. ஆகவே 1930இல் காந்தியடிகள் உப்பெடுக்க அழைத்தபோது, காண்டாய் வட்டத்துப் பிச்சாபனி முதலிய ஊர்களில் மக்கள் திரண்டதில் வியப்பில்லை. அதே ஏப்ரல் திங்களில் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்குத் தொண்டர் படை நடந்தது. ஒரே கடலின் இருவேறு கரைகளில், ஒரே திங்களில், ஒரே நோக்கோடு கால்கள் நடந்தன.

1942 அக்டோபர் 16ஆம் நாள் பெரும்புயல் இக்கரையைத் தாக்கியது. கடல் எழுந்து ஊர்களை மூடிற்று. மிதுனபுரி மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டில் வங்கப் பெரும்பஞ்சம். உணவுப் பஞ்சத்தை அனைவரும் அறிவர். அதனையொட்டி வந்த துணிப்பஞ்சத்தைச் சிலரே நினைவில் வைத்திருக்கின்றனர். மானத்தை மறைக்கத் துணியின்றிப் பெண்கள் குடிசைக்குள் முடங்கிய காலம் அது. கந்தா தைக்கப் பழந்துணி வேண்டும். பழந்துணி இருக்க வேண்டுமானால் முன்பு புதுத்துணி இருந்திருக்க வேண்டும். நாம் மிச்சம் என்று எண்ணி மூலையில் எறியும் கிழிசல், ஒரு காலத்தில் செல்வமாய் இருந்தது.

ஜெசோரிலிருந்து வந்த குழந்தை

இதுவரை நூல்களில் கண்டதைக் கூறினேன். இனி என் வீட்டில் கண்டதைக் கூறுகிறேன்.

என் அன்னையார் மறைந்து மூன்றாண்டு ஆகிறது. பதினொரு பருத்திச் சேலைகளை விட்டுச் சென்றார். ஓராண்டுக்குப் பின், பழந்துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பெண் வாயிலுக்கு வந்தாள். பெட்டியை அடைத்துக்கொண்டு கிடப்பானேன் என்று எண்ணி, நானே ஏழு சேலைகளை எடுத்துக் கொடுத்து, ஓர் எவர்சில்வர் அடுக்கு வாங்கினேன். நல்ல பேரம் என்று மகிழ்ந்தும் இருந்தேன். மிச்சம் நான்கையும் எடுக்கும்போது, அடுத்த குவார்ட்டர்ஸில் இருக்கும் வங்காள மூதாட்டி ஓடிவந்து தடுத்தார். அவரைக் காலனிப் பிள்ளைகள் எல்லாரும் ‘மாசிமா’ என்று அழைப்பர். நம் வழக்கில் சித்தி, பெரியம்மா போன்ற உறவு.

“அம்மாவின் துணியைத் தட்டுக்கு விற்கலாமா, பாபா?” என்றார் அவர். நான் வாயடைத்து நின்றேன்.

அன்று மாலை மாசிமா தம் பெட்டியிலிருந்து ஒரு கந்தாவை எடுத்துவந்து என் இல்லாளிடம் காட்டினார். நிறம் முற்றும் வெளுத்து, ஓரம் நைந்து போயிருந்தது. அவர் பிறந்தது ஜெசோர் மாவட்டத்தில். நாடு பிரிந்தபின், 1950இல், கைக்குழந்தையாக அதில் சுற்றித்தான் அவரை எல்லை கடத்தித் தூக்கி வந்தார்களாம். வீடு போயிற்று, நிலம் போயிற்று, குளமும் தென்னையும் போயின. வந்து சேர்ந்தவை குழந்தையும் கந்தாவும். அக்கந்தாவின் அடியடுக்கு அவருடைய பாட்டியின் சேலை. “பாட்டியின் முகத்தை நான் பார்த்ததில்லை. இதைத் தொட்டிருக்கிறேன்” என்றார்.

மறுநாளே என் அன்னையின் நான்கு சேலைகளும் கூடத்துத் தரையில் விரிந்தன. மதுரைச் சுங்குடி இரண்டு, கட்டம் போட்ட செட்டிநாட்டுச் சேலை ஒன்று, கடைசிக் காலத்தில் கட்டிய வெள்ளைச் சேலை ஒன்று. செட்டிநாட்டுச் சேலையின் அரக்குக் கரையிலிருந்து இழை உருவ மாசிமா கற்றுக்கொடுத்தார். பிற்பகல்தோறும் நம் காலனிப் பெண்கள் நால்வர், ஐவர் கூடினர். பார்த்துப் போக வந்தவர்கள் மறுநாள் தத்தம் வீட்டுப் பழஞ்சேலையோடு வந்தனர். ஒன்பது திங்களில் எங்கள் போர்வை முடிந்தது. நடுவில் வங்கத் தாமரை. நான்கு மூலைகளில் மாமரத்துக்கு மாற்றாக என் இல்லாள் நான்கு பனைமரம் தைத்திருக்கிறாள். மாசிமா பனையைக் கண்டு, “இதுவும் நம் ஊரில் உண்டே” என்று கூறிச் சிரித்தார்.

திகா சென்ற நாளில் குளிர்காற்றுக்காக அதனை எடுத்துச் சென்றோம். உதய்பூர்ச் சவுக்கு நிழலில் விரித்து, புளிச்சோறும் தயிர்ச்சோறும் அதன்மேல் அமர்ந்தே உண்டோம். நடந்து களைத்த என் இளைய மகள் அதன் ஓரத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு உறங்கிவிட்டாள். அவள் கன்னத்தின் கீழ் சுங்குடிப் புள்ளிகள் தெரிந்தன. பாட்டி மடியில் படுத்து அவள் உறங்கிய நாளில் நான் கண்ட அதே புள்ளிகள். கொடுத்துவிட்ட ஏழு சேலைகளை எண்ணி அப்போதுதான் என் நெஞ்சு கனத்தது. அந்த எவர்சில்வர் அடுக்கில்தான் அன்று தயிர்ச்சோறு கொண்டுவந்திருந்தோம்.

ஒரு வேண்டுகோள்

அன்பர்களே! நாம் வாழும் குவார்ட்டர்ஸ் நம்முடையதன்று. ஓய்வு பெற்றவுடன் சாவியை ஒப்படைத்துவிட்டுச் செல்ல வேண்டியவர்கள் நாம். சிலர் சென்னைக்கும், சிலர் சொந்த ஊருக்கும், சிலர் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கும் பிரிந்துவிடுவோம். நம் பிள்ளைகள் பிறந்து வளர்ந்த சுவரில் நாளை வேறொருவர் சுண்ணாம்பு அடிப்பார். ஹேஸ்டிங்ஸ் எழுப்பிய இல்லமே நிற்காதபோது, நமக்கு அளிக்கப்பெற்ற இரண்டு அறை நிற்கும் என்று எண்ணலாகாது. பெயரறியாப் பெண்கள் பழந்துணியில் தைத்தவையோ நூறாண்டு கடந்தும் நிற்கின்றன.

ஆதலின் சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். முதலாவது, வீட்டுக்கு ஒரு பழஞ்சேலை அல்லது வேட்டி கொணர்ந்து, காலனிக்கென ஒரு பெருங்கந்தா தைப்போம். ஒவ்வொரு குடும்பமும் தன் பூர்வீக ஊரின் பெயரைத் தமிழெழுத்தில் அதில் தைக்கட்டும். தமிழ் எழுதப் பழகாத பிள்ளைகள் ஊசியாலாவது அவ்வெழுத்துகளைப் பழகுவர். வங்காளச் சகோதரிகளும் ஆந்திரச் சகோதரிகளும் விரும்பினால் அவர்கள் ஊர்ப்பெயரும் இடம்பெறட்டும். ஆண்டு விழாதோறும் மேடையில் அதனை விரிப்போம். இரண்டாவது, ஆண்டுக்கு ஒரு நாளேனும் எல்லாரும் கூடிக் கடற்கரையில் நடப்போம். வண்டிச் சன்னல் வழியே கண்ட நாடு கண்ணில் மட்டும் பதியும். காலால் நடந்த நாடு நம்முடையதாகிவிடும்.

மாசிமாவின் பார்வை இப்போது மங்கி வருகிறது. ஊசியில் நூல் கோக்க என் மூத்த மகளை அழைக்கிறார். அவளும் கோத்துக் கொடுத்துவிட்டு அருகிலேயே அமர்ந்து தைக்கிறாள். அவர் கற்றுக்கொடுக்க இருக்கும் காலத்திலேயே நாம் கற்றுக்கொள்வது நன்று. வரும் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை முதல் எங்கள் வீட்டுக் கூடம் இப்பணிக்குத் திறந்திருக்கும். பழஞ்சேலையோடு வருக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!